பத்து நாள் லீவு, ஒரு டிவி, நாலு பேரு: எந்த ஸ்பேஸ் சீரியலப் போடுறது?

தீபாவளிக்கு மச்சான் வர்றான். கொழும்புல கடையில நிக்கிறவனுக்கு பத்து நாள் லீவு கெடைக்கிறதே பெரிய விஷயம், அதுல போன வாரமே கோல் எடுத்து சொல்லிட்டான், "டேய், இந்தத் தடவ பழைய படம் கிடம் ஒண்ணும் வேணாம், நீ எப்பப் பாத்தாலும் ஸ்பேஸ் சீரியல் ஸ்பேஸ் சீரியல்னு உயிர வாங்குவியே, அதுல நல்லதா ஒண்ண மொதல்லருந்து போடு, நான் உக்காந்து பாக்குறேன்"னு. இந்த வார்த்தைக்குத்தான் எத்தனையோ வருஷமா காத்துக்கிட்டு இருந்தேன், இப்ப எதப் போடுறதுனு தெரியாம முழிக்கிறேன்.

மொதல்ல கணக்கப் பாருங்க. பத்து நாள்னாலும் தீபாவளி அன்னைக்கும் அதுக்கு முந்துன ராத்திரியும் டிவி பக்கம் யாரும் வர மாட்டாங்க, பலகாரம் சுடுற வேல. மிச்சம் எட்டு ராத்திரி. ராத்திரிக்கு ரெண்டு எபிசோட்னா பதினாறு. பாக்கப் போறது நாலு பேரு, நான், மச்சான், ஏ/எல் படிக்கிற தங்கச்சி, அப்புறம் கெழவி. எனக்கு அம்மாயி, அவனுக்கு அப்பாயி. 38 வருஷம் தேயிலத் தோட்டத்துல கொழுந்து எடுத்த மனுசி, இங்கிலீஷ் தெரியாது, ஆனா எங்க வீட்ல அவ உக்காராம டிவி ஓடுனதா சரித்திரம் இல்ல. அவளுக்கு நான்தான் பக்கத்துல உக்காந்து தமிழ்ல சொல்லணும். இந்த ஒரு விஷயந்தான் கடைசில தீர்ப்பையே மாத்திருச்சு, அத பின்னால சொல்றேன்.

பட்டியல்ல இருந்தது அஞ்சு. தி எக்ஸ்பான்ஸ், பேட்டில்ஸ்டார் கலாக்டிகா (புதுசு, 2003ல ஆரம்பிச்சது, 1978 பழச சொல்லல), பாபிலோன் 5, ஸ்டார் ட்ரெக்ல டீப் ஸ்பேஸ் நைன், அப்புறம் ஸ்டார் வார்ஸ்ல ஆண்டோர். அஞ்சும் நல்ல சீரியல்தான், அதுல சண்டை இல்ல. நான் பாக்குறது கதைய விட அந்த உலகம் எப்படிக் கட்டியிருக்காங்கங்கிறது. கப்பல் எவ்ளோ பெருசு, எத்தன கிரகம் இருக்குங்கிறதெல்லாம் எனக்கு பெருசில்ல, அது கம்ப்யூட்டர்ல போட்டா ஆச்சு.

நாங்க இருக்கிறது இலங்கை மலைநாட்டுல மஸ்கெலியா பக்கம், தேயிலத் தோட்டத்துல. மவுசாகலை டேம்ல தண்ணி வத்துற காலத்துல போய்ப் பாத்தீங்கன்னா அடியில மூழ்கிக் கெடக்குற பழைய மஸ்கெலியா டவுன் கொஞ்சம் கொஞ்சமா மேல வரும், பழைய கோயில் கல்லு, இடிஞ்ச செவரு, ரோடு போன தடம். சின்ன வயசுல மாமா கையப் புடிச்சு கூட்டிக்கிட்டுப் போய் காட்டுனப்ப, நாம நடக்குற டவுனுக்கு அடியில இன்னொரு டவுன் இருக்குதுனு நெனச்சு ரெண்டு ராத்திரி தூக்கம் வரல. நல்ல சீரியல் பாக்குறப்ப எனக்கு அதே உணர்ச்சிதான் வரணும். மொதல் எபிசோட் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாலயே அங்க ஆளுக வாழ்ந்து, சண்ட போட்டு, செத்து, எதையோ கட்டி எதையோ மூழ்கடிச்சிருக்கணும், கேமரா இப்பத்தான் வந்து சேந்துச்சுனு தோணணும்.

அதனால எந்த சீரியலா இருந்தாலும் நான் அதுகிட்ட மூணு கேள்வி கேப்பேன். தண்ணி எங்கருந்து வருது. பேர் யாரு போடுறது. கோவம் வந்தா எந்த பாஷையில திட்டுவாங்க. பேர்னா என்னனு தோட்டத்துக்கு வெளியில உள்ளவங்களுக்கு சொல்லிர்றேன், ஒரு நாள் வேலைக்கு 'ஒரு பேர்'னுதான் நாங்க சொல்லுவோம், கொழுந்து கிலோ கொறஞ்சா அரைப்பேர், அந்த அரையும் முழுசும் தீர்மானிக்கிறது தராசும் அந்தத் தராசுக்குப் பக்கத்துல நிக்கிற ஆளும். தண்ணிக்கு பீலி, அதான் எல்லாரும் தண்ணி புடிக்கிற கொழா, இருக்கு, பீலிக்கரையில வரிசை இருக்கு, வரிசையில யாரு முன்னுக்குங்கிற சண்டையும் இருக்கு. இந்த மூணும் இல்லாத எடத்துல மனுசன் வாழ்றான்னு சொன்னா நான் நம்ப மாட்டேன், அவன் எந்த நட்சத்திரத்துக்குப் போயிருந்தாலும் சரி.

எக்ஸ்பான்ஸ்லருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா இதப் பத்தி சொல்லத்தான் எனக்கு நெறைய இருக்கு. 2022ல கரண்ட்டு ஒரு நாளைக்கு பதிமூணு மணித்தியாலம் வரைக்கும் போச்சே, அந்த சமயத்துல போன்ல எறக்கி வச்சு இருட்டுல போர்வைக்குள்ள பாத்து முடிச்சது. டீசல் இல்ல, கேஸ் இல்ல, லைட்டு இல்ல, இங்க ஒருத்தன் தண்ணிக்கும் காத்துக்கும் ரேஷன் போடுறான். சும்மா பொழுதுபோக்குக்கு பாக்குற மாதிரியா இருந்துச்சு.

கத நடக்குறது நம்ம சூரியக் குடும்பத்துக்குள்ளயேதான், 200, 300 வருஷம் தள்ளி. பூமி ஒரு பக்கம் ஐக்கிய நாடுகள் ஆட்சியில இருக்கு, செவ்வாய் தனி நாடா பட்டாளம் வச்சிருக்கு, நடுவுல செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையில இருக்குற கல்லுக் கூட்டத்துல, அதான் பெல்ட்டுல, தலைமுறை தலைமுறையா வேல செஞ்சுக்கிட்டு கெடக்குற ஜனம். பெல்ட்டர்னு பேரு. இவங்க வெட்டிக் குடுக்குற கனிமத்துலயும் ஐஸ்லயும்தான் மத்த ரெண்டு பேரும் வாழ்றாங்க. சீரிஸ்ங்கிற பெரிய கல்லு ஒரு காலத்துல முழுக்க ஐஸா இருந்துச்சாம், அத பூமியும் செவ்வாயும் சொரண்டி எடுத்துட்டுப் போயிட்டு இப்ப அந்த சீரிஸ்ல இருக்குறவனுக்கே சனியோட வளையத்துலருந்து ஐஸ் கட்டி இழுத்துட்டு வந்து ரேஷன்ல குடுக்குறாங்க. மொதல் எபிசோட்லயே தெருவுல நின்னு ஒருத்தன் இத கத்திக்கிட்டு இருப்பான், யாரும் நின்னு கேக்க மாட்டாங்க, அவங்கவங்க வேலைக்குப் போயிக்கிட்டு இருப்பாங்க. எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம், அதான். புதுசா கேக்குறவன் நாம மட்டும். உலகத்தக் கட்டுறதுன்னா இதுதான், நமக்கு பாடம் எடுக்குற மாதிரி இல்லாம அங்க உள்ளவனுக்கு சலிச்சுப் போன சேதியா நம்ம காதுல விழணும்.

அப்புறம் ஒடம்பு. பாரம், அதான் ஈர்ப்பு விசை, கொறஞ்ச எடத்துல பொறந்து வளந்ததால பெல்ட்டர்களுக்கு எலும்பு நீண்டு பலமில்லாம இருக்கும். மொதல் எபிசோட்ல ஒரு பெல்ட்டரப் புடிச்சு பூமிக்குக் கொண்டு வந்து விசாரிப்பாங்க, அடிக்க மாட்டாங்க, ஊசி குத்த மாட்டாங்க, சும்மா தொங்க விட்ருவாங்க, அவ்ளோதான். பூமியோட பாரமே அவனுக்கு சித்திரவத. இத எழுதுனவன் மண்டைய நெனச்சா இன்னும் எனக்கு ஆச்சரியமா இருக்கு, ஒரே சீன்ல அரசியல், விஞ்ஞானம், கொடுமை மூணும் வந்துருச்சு, ஒரு வரி விளக்கம் கெடையாது. இன்னொரு எடத்துல சீரிஸ் ஸ்டேஷன்ல ஒரு குருவி பறக்கும், ரெண்டு தடவ சோம்பலா செறகடிச்சுட்டு அப்படியே மெதந்து போகும், ஏன்னா அங்க பாரம் கொறவு. கதைக்கும் அந்தக் குருவிக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. யாரோ ஒருத்தன் ஆபீஸ்ல உக்காந்து 'அங்க குருவி இருந்தா எப்படிப் பறக்கும்'னு யோசிச்சிருக்கான் பாருங்க.

மச்சானுக்கு வேண்டியது கப்பல் சண்டை. அதுலயும் கொறவில்ல, கப்பலுக்குள்ள தானா பாரம் வர்ற மந்திர மெஷின் எதுவும் இந்தக் கதையில கெடையாது, எஞ்சின் தள்ளுனாத்தான் கால் தரையில நிக்கும், அதனால கப்பல் மாடி வீடு மாதிரி அடுக்கடுக்கா இருக்கும், அடியில எஞ்சின். நோர்வூட் ரோட்டுல பஸ் வளைவுல திரும்புறப்ப நாம எல்லாம் ஒரு பக்கமா சாஞ்சு அடுத்தவன் மடியில விழுவோம்ல, அத நெனச்சுக்கிட்டா கப்பல் சண்டையில ஏன் எல்லாரும் சீட்டுல கட்டிக்கிட்டு ஊசி ஏத்திக்கிட்டு பல்லக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்கனு வெளங்கிரும்.

மூணாவது கேள்வி பாஷை. இதுக்குத்தான் நான் அந்த சீரியலுக்கு அடிமை ஆனேன். பெல்ட்டர் பேசுறதுக்குனே நிக் ஃபார்மர்னு ஒரு மொழியியல்காரர் தனியா ஒரு பாஷ செஞ்சு குடுத்தாரு, பல நாட்டு கூலியாளுக ஒண்ணா வேல செய்யிற எடத்துல எல்லா பாஷையும் கலந்து தானா முளைக்கிற மாதிரியான பாஷ. 'பெல்டலவ்டா'ன்னா நம்மாளுக, 'இன்யலவ்டா'ன்னா உள் கிரகத்துக்காரனுக. கையால வேற பேசுவாங்க, ஸ்பேஸ் சூட் போட்டிருக்கப்ப மூஞ்சி தெரியாது, தலைய ஆட்டுனா வெளிய தெரியாது, அதனால கை சாடையில பேசிப் பழகி அப்படியே வீட்டுக்குள்ள பேசுறப்பவும் கை ஆடும். பழைய தலைமுறையோட வேல இப்ப உள்ளவன் கையில பழக்கமா நிக்குது.

இதக் கேட்டு கொழும்புல உள்ள ஆளுக அதிசயப்படலாம், நாங்க எதுக்கு அதிசயப்படணும்? நாங்க குடியிருக்குற வரிசை வீட்ட 'லயம்'ங்கிறோம், அது லைன். 'பெரட்டு'ங்கிறோம், காலையில ஆளுகள நிப்பாட்டி வேல பிரிக்கிற எடம் பெரட்டுக்களம், அது பரேட். தோட்டத்துல வேலய மேய்க்கிற கண்டக்டரையும் ஐயாவையும் சேத்து 'கண்டக்கையா'னு ஒரு புது ஆளையே செஞ்சு வச்சிருக்கோம். கூட சிங்களம் கொஞ்சம். இதெல்லாம் யாரும் ஆபீஸ்ல உக்காந்து செஞ்சது இல்ல, வெள்ளைக்காரன் கத்துனது நம்ம தாத்தன் காதுல எப்படி விழுந்துச்சோ அது. அந்த பெல்ட்டர் பாஷையக் கேட்டப்ப எனக்கு ஒரு வார்த்தகூட வெளங்கல, ஆனா அது எப்படிப் பொறந்துச்சுனு ஒரு நிமிஷத்துல வெளங்கிருச்சு.

அரசியலும் அப்படித்தான். பூமியும் செவ்வாயும் பெல்ட்டப் பத்தி பேசுவாங்க, சண்ட போடுவாங்க, சமாதானம் ஆவாங்க, அந்த மேசையில பெரும்பாலும் ஒரு பெல்ட்டரும் இருக்க மாட்டான். 1964ல இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்துல 525,000 பேரு அங்க, 300,000 பேரு இங்க, மிச்ச 150,000 பேரப் பத்தி பொறகு பாப்போம்னு ரெண்டு அரசாங்கம் தலைய எண்ணிப் பிரிச்ச ஜனத்துக்கு இது புதுக் கதையா? 1948ல எங்க ஜனத்துக்கு பிரஜாவுரிமை போனதுலருந்து தொடங்குற கதை அது. அம்மாயியோட அண்ணன் குடும்பம் அந்த ஒப்பந்தத்துலதான் இந்தியாவுக்குப் போச்சு, தலைமன்னார்ல கப்பலேறுனதோட சரி.

சரி, கொறையும் சொல்லணும். மொதல் மூணு நாலு எபிசோட் தலைய சுத்தும். சீரிஸ்ல ஒரு போலீஸ்காரன், ஐஸ் கப்பல்ல ஒரு கூட்டம், பூமியில ஒரு பெரியம்மா, மூணு கதையும் தனித்தனியா ஓடும், எங்க சேருதுனு தெரியாது. கூட இருந்து பாக்க ஆள் இல்லாட்டி பாதிப் பேரு அங்கயே எந்திரிச்சுப் போயிருவாங்க. கடைசி சீசன் வெறும் ஆறு எபிசோட், நாவல்ல உள்ள மிச்சக் கதைக்கு விதை மட்டும் போட்டுட்டு அப்படியே விட்டுட்டாங்க, அது இன்னும் எனக்கு வயித்தெரிச்சல். மூணு சீசனோட நிப்பாட்டுன சீரியல் இது, ரசிகர் கூட்டம் ஏரோபிளேன்ல பேனர் கட்டிப் பறக்க விட்டு கூத்தடிச்சு, அப்புறம் அமேசன் எடுத்து இன்னும் மூணு சீசன் போட்டுச்சு, மொத்தம் 62 எபிசோட். குடுத்தவரைக்கும் சரிதான்னு மனசத் தேத்திக்கணும்.

ரெண்டாவது சீசன்ல கனிமீட்னு ஒரு எடம் வரும், வியாழனோட நிலா, பெல்ட்டுக்கெல்லாம் சாப்பாடு வெளையிற எடம். அங்க சண்டையில எல்லாம் ஒடஞ்ச பெறகு செடி ஆராய்ச்சி பண்ற ஒரு ஆளு எல நெறம் மாறியிருக்குறதப் பாத்துட்டு இந்த ஸ்டேஷன் ஏற்கனவே செத்துருச்சு, இவங்களுக்குத்தான் இன்னும் தெரியலங்கிற மாதிரி சொல்லுவான். ஒண்ணு கெட்டா அது தாங்குறத இன்னொண்ணு கெடுக்கும், அது இன்னொண்ண. குண்டு வெடிக்கிறத விட அந்த எலையப் பாத்துத்தான் எனக்கு பயம் வந்துச்சு. 1869ல கோப்பி எலையில நோய் விழுந்தப்ப இந்த மலையில இருந்த ஆளுகளும் இப்படித்தான் எலையத் திருப்பித் திருப்பிப் பாத்திருப்பாங்க, பத்து இருவது வருஷத்துல கோப்பியே இல்லாமப் போயி மல பூரா தேயில ஆயிருச்சு.

பேட்டில்ஸ்டார் கலாக்டிகாவுக்கு வருவோம். மனுசன் செஞ்ச ரோபோ திரும்பி வந்து பன்னெண்டு கிரகத்தையும் அழிச்சுரும், மிஞ்சுனது சுமார் 50,000 பேரு, கொஞ்சம் கப்பல்ல ஏறி ஓடிக்கிட்டே இருக்காங்க. ஜனாதிபதி அம்மா ஒரு வெள்ளப் பலகையில எத்தன பேரு உசுரோட இருக்காங்கனு நம்பர் எழுதி வச்சிருப்பாங்க, செத்தா கொறச்சு எழுதுவாங்க, ஒரு எபிசோட் முடிவுல ஒரு புள்ள பொறந்துச்சுனு ஒண்ணு கூட்டி எழுதுவாங்க. நல்லா இருக்கும். உலகத்த சின்னச் சின்ன பொருள்ல கட்டுறதுல இவங்க கெட்டிக்காரங்க, காயிதம் எல்லாம் நாலு மூலையும் வெட்டியிருக்கும், ஏன்னு யாரும் சொல்ல மாட்டாங்க, கப்பல்ல போன் எல்லாம் வயர் போட்ட பழைய போன், கம்ப்யூட்டர ஒண்ணோட ஒண்ணு இணைக்க தளபதி விட மாட்டாரு, எதிரி உள்ள பூந்துருவான்னு பயம். அந்த பிடிவாதந்தான் கப்பலக் காப்பாத்துது. பழைய காலத்து சாமான்னா தள்ளி வைக்கக் கூடாதுனு போன் ரிப்பேர் கடையில வேல செய்யிற எனக்கு இத விட நல்ல கத வேணுமா.

இதுல பேர் போடுற கேள்விக்கு ஒரு முழு எபிசோடே இருக்கு, மூணாவது சீசன்ல. எரிபொருள் சுத்திகரிக்கிற கப்பல்ல வேல செய்யிறவங்களுக்கு லீவு இல்ல, மாத்து ஆள் இல்ல, அப்பன் செஞ்ச வேல மகனுக்கு, சின்னப் புள்ளகூட மெஷின் பக்கத்துல நிக்கிது. ஒரு பய, காலேஜுக்குப் போக இருந்தவன், எப்பவோ தோட்ட வேல செஞ்சேன்னு படிவத்துல எழுதுன பாவத்துக்கு அவனயும் கூலிக்கு இழுத்துட்டுப் போறாங்க. ஸ்ட்ரைக் நடக்குது, ராணுவம் சுடுவேன்னு மெரட்டுது. ஒலகமே அழிஞ்சு 50,000 பேருதான் மிச்சம்னாலும் அதுலயும் லயம் இருக்கும், பங்களா இருக்கும்னு காட்டுன எடம். 1940ல முல்லோயா தோட்டத்துல ஸ்ட்ரைக் நேரத்துல கோவிந்தன் பொலிஸ் சூட்டுல செத்தத எங்க மாமா தொழிற்சங்கக் கூட்டத்துல பேசுறப்பல்லாம் சொல்லுவாரு, அந்த எபிசோட் பாத்தப்ப மாமா கொரல்தான் காதுல கேட்டுச்சு.

ஆனா அந்த சீரியல் அங்கயே நிக்கல பாருங்க. அந்த எபிசோட் முடிஞ்சா அடுத்த வாரம் அந்த சுத்திகரிப்புக் கப்பல்காரங்க அனேகமா காணாமப் போயிருவாங்க, கத மறுபடி தளபதி, ஜனாதிபதி, விமானம் ஓட்டுறவங்க பக்கம் போயிரும். எக்ஸ்பான்ஸ்ல கூலிக்காரன்தான் ஒவ்வொரு எபிசோட்லயும் கதவுக்கு வெளியில நிக்கிறான். இதுதான் ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம்னு நான் சொல்லுவேன், ஆள் ஆளுக்கு வேற மாதிரி சொல்லுவாங்க, கலாக்டிகா ரசிகர்கள் என்னை அடிக்க வந்தாலும் வரலாம். போகப் போக சாமி, தரிசனம், விதினு கத எங்கயோ போயி 2009ல முடிஞ்ச முடிவப் பத்தி இன்னைக்கும் சண்ட ஓயல. எனக்கு அந்த முடிவு பிடிக்கல.

கணக்குல கலாக்டிகா நல்லாப் பொருந்தும், ஆரம்பத்துல மூணு மணித்தியாலக் குறுந்தொடர் ரெண்டு பாகம், அப்புறம் மொதல் சீசன் 13, மொத்தம் பதினஞ்சு. கூடவே ஒரு பெரிய பிளஸ், டைட்டில் பாட்டுல காயத்ரி மந்திரம் வரும். போன ஞாயித்துக்கெழம அம்மாயிகிட்ட அஞ்சையும் பத்துப் பத்து நிமிஷம் போட்டுக் காட்டுனேன், சோதனைக்கு. மந்திரம் கேட்டதும் சேலய இழுத்து மூடிக்கிட்டு நிமிந்து உக்காந்தா, "சாமி படமா இது?" ன்னா. பின்னால குண்டு வெடிக்கவும் "சாமியக் கூப்புட்டுட்டு ஏண்டா இப்புடிக் கொல்றானுக"னு எந்திரிச்சுப் போயி அடுப்பப் பாத்தா.

பாபிலோன் 5 எனக்கு மரியாதக்குரிய சீரியல். 110 எபிசோட்ல 92 எபிசோட் ஒரே ஆளு, ஸ்ட்ரசின்ஸ்கி, எழுதுனது, அஞ்சு வருஷக் கதய மொதல்லயே மனசுல போட்டு வச்சு எழுதுனாரு. அஞ்சு மைல் நீளமான ஸ்டேஷன், ரெண்டரை லட்சம் பேரு, ஒவ்வொரு இனத்துக்கும் வேற வேற காத்து, அடித்தட்டுல வேல இல்லாம தங்குன ஏழைக. மொத சீசன்லயே சரக்கு எறக்குற தொழிலாளிங்க ஸ்ட்ரைக்கும் வருது. அடிமைப்பட்ட ஒரு இனமும் அடிமைப்படுத்துன ஒரு இனமும் பேசிக்கிற எடமெல்லாம் அடிவயித்துல புடிக்கும். ஆனா 1994ல எடுத்தது, மொத சீசன் 22 எபிசோட்டையும் தாண்டுனாத்தான் சூடு பிடிக்கும், எட்டு ராத்திரில நாங்க வாசல்லயே நிப்போம். லோண்டோங்கிற தூதரோட விசிறி மாதிரி நிக்கிற தலமுடியப் பாத்து தங்கச்சி ஒரு மணி நேரம் சிரிச்சா, அத நிப்பாட்ட ஏலாது.

டீப் ஸ்பேஸ் நைன் (1993லருந்து 1999 வரைக்கும்) பத்தி ரெண்டு வார்த்த. ஆக்கிரமிப்பு முடிஞ்ச அடுத்த நாள்ல தொடங்குற கத, போராளியா இருந்தவங்க இப்ப அதிகாரியா உக்காந்து பழைய கணக்கத் தீக்கவா மன்னிக்கவானு தெரியாம தவிக்கிறது, அது மாதிரி வேற எந்த ஸ்டார் ட்ரெக்கும் செய்யல. பார்ல வேல செய்யிறவன் சொந்த அண்ணனுக்கு எதிரா சங்கம் கட்டுற எபிசோட் ஒண்ணுக்காகவே பாக்கலாம். ஆனா ஏழு சீசன், மச்சானோட லீவுக்கு இது ஒத்து வராது. அடுத்த வருஷம்.

ஆண்டோர் மேலதான் எனக்கு உண்மையிலயே மனசு போச்சு. மொத சீசன் 12 எபிசோட் 2022ல, ரெண்டாவது 12 2025ல, அளவு கச்சிதம், ஸ்டார் வார்ஸ் ஒண்ணுமே தெரியாதவனும் பாக்கலாம். ஃபெரிக்ஸ்னு ஒரு டவுன், பழைய கப்பலப் பிரிச்சு விக்கிற தொழிலாளி டவுன், காலையில ஒருத்தன் மேல ஏறி இரும்ப ஓங்கி அடிச்சா டவுன் எந்திரிக்கும், வேல கையுறைய எல்லாரும் ஒரு செவத்துல வரிசையா மாட்டி வச்சிருப்பாங்க, செத்தா அவங்க சாம்பல்ல செங்கல் செஞ்சு டவுன் செவத்துல வச்சுருவாங்க. மாட்டித் தொங்குற கையுறையப் பாத்ததும் எனக்கு கொழுந்து நிறுக்குற மடுவத்துல ஆணியில தொங்குற கூடையும் இடுப்புல கட்டுற படங்கும் கண்ணுல வந்துச்சு. அம்மாயியும் அந்த இரும்பு அடிக்கிறவனப் பாத்துட்டு "பெரட்டுக்கு தப்பு அடிக்கிறானா?" ன்னு கேட்டா, நான் ஒண்ணும் சொல்லாமலே. அந்தக் காலத்துல விடியக் கருக்கல்ல தப்பு மேளம் அடிச்சுத்தான் ஆளுகள எழுப்புவாங்களாம். ஃபெரிக்ஸ் ஒரு டவுனா எக்ஸ்பான்ஸ்ல வர்ற எந்த எடத்தையும் விட நல்லாக் கட்டியிருக்கு, இத நான் ஒத்துக்குறேன். கஷ்டம் என்னன்னா மூணு எபிசோட்டுக்கு ஒரு தடவ கத வேற எடத்துக்குப் போயிரும், அந்த எடத்தோட பழகுறதுக்குள்ள மூட்ட கட்டணும், தண்ணி எங்கருந்து வருதுனு கேக்க நேரம் கெடைக்காது. அப்புறம் மச்சான் ஸ்டார் வார்ஸ்னதும் லைட் வாள எதிர்பாப்பான், ஒண்ணும் வராது, எட்டு ராத்திரியும் "எப்படா வாளு வரும்"னு என் உயிர எடுப்பான்.

கடைசியா ரெண்டு நிக்கிது, எக்ஸ்பான்ஸும் ஆண்டோரும். கலாக்டிகாவ அம்மாயி அடுப்படிக்குப் போனப்பவே தள்ளிட்டேன்னு வச்சுக்குங்க, ஆனா அது காத்திருப்புப் பட்டியல்ல இருக்கு.

முடிவ எடுக்க வச்சது தமிழ்ல சொல்றதுதான். ஞாயித்துக்கெழம அஞ்சையும் அம்மாயிக்கு நான் பெயத்துச் சொன்னேன்ல. கலாக்டிகாவ சொல்றப்ப வாய் தடுக்குச்சு, அட்மிரல், கர்னல், வைப்பர்னு ஒரு சண்ட விமானம், ஒண்ணுக்கும் நம்ம வாயில வார்த்த இல்ல, செய்தி வாசிக்கிற மாதிரி ஆயிருச்சு. ஆண்டோர் பரவால்ல, பாதி தூரம் வந்துச்சு. எக்ஸ்பான்ஸ் மட்டும் நான் யோசிக்காமலே தானா வந்துச்சு. 'இன்யலவ்டா'னு அவன் கத்துறான், நான் "தொரைமாருக"ங்கிறேன். 'பெல்டலவ்டா'ங்கிறான், "நம்மாளுக". ஐஸ் கப்பல்ல ஒருத்தனுக்கு கை போகுது, கம்பெனி எந்த மாதிரி செயற்கைக் கை தரும்னு கூட நிக்கிறவங்க கதைக்கிறாங்க, நான் ஒண்ணு சொல்றதுக்கு முன்னால அம்மாயி "பேர் போடுவாங்களா அந்த நாளுக்கு?" ன்னு கேட்டா. காத்து ஃபில்டர மாத்தாம வாடகைய மட்டும் வாங்குற கட்டட சொந்தக்காரன போலீஸ்காரன் போய் நெருக்குற எடத்துல, அந்தக் காத்துல புள்ளைகளுக்கு நோவு வருதுனு சொன்னேன், "லயத்துக் கூர ஒழுகுறதச் சொல்லப் போனா இப்படித்தான் நாளைக்கு வானு சொல்லுவானுக"ன்னா. தொங்க விட்ட பெல்ட்டரப் பாத்தப்ப மட்டும் ஒண்ணும் கேக்கல, "அவன எறக்கு" ன்னா, எங்கிட்ட, ரிமோட் எங்கையில இருந்ததால.

இவ்ளோ தூரத்துல, 200 வருஷம் தள்ளி, யாரோ ரெண்டு அமெரிக்காக்காரங்க, ஜேம்ஸ் எஸ். ஏ. கோரினு ஒரே புனைபெயர்ல சேந்து எழுதுன கதையில இருந்து எடுத்த சீரியல், எங்க தோட்டத்துப் பேச்சுல பெயத்தா ஒட்டுப் போட்ட தடமே தெரியல. கூலி, கணக்கு, தண்ணி, காத்து எல்லாம் எங்கருந்து வருது யாரு கையில போகுதுனு அவங்க அடி வரைக்கும் யோசிச்சு வச்சிருக்குறதாலதான் அது. சிவனொளிபாதமலையில இருந்து வானத்துக்கு லிஃப்ட் விடுற மாதிரி கற்பன பண்ணுன ஆர்தர் சி. கிளார்க் 1956லருந்து சாகுற வரைக்கும் இந்த நாட்டுலதான் இருந்தாரு, அந்த மலைய நான் தெனமும் வாசல்லருந்து பாக்குறேன், ஆனா அந்த லிஃப்ட்ட கட்டுறவன் எந்த லயத்துல தங்குவான்னு எனக்கு கேக்கத் தோணுனது எக்ஸ்பான்ஸ் பாத்த பெறகுதான்.

அதனால எக்ஸ்பான்ஸ்தான். மொத சீசன் பத்து எபிசோட், அப்புறம் ரெண்டாவது சீசன்ல அஞ்சாவது வரைக்கும், அங்க மொதப் பெரிய கத ஒண்ணு நல்லபடியா முடியுது, மச்சான் பஸ் ஏறுறதுக்கு முந்துன ராத்திரி அதப் போட்டா சரியா இருக்கும், பதினாறுல ஒண்ணு கையில மிச்சம், இடி இடிச்சு கரண்ட்டு போனா ஈடுகட்ட. மொத ராத்திரி மட்டும் ரெண்டுக்கு பதிலா மூணு ஓட்டணும், ரெண்டோட நிப்பாட்டுனா மச்சான் குழம்பிட்டு அடுத்த நாள் கிரிக்கெட்டுக்கு ஓடிருவான். ஆரம்பிக்கிறதுக்கு முன்னால பூமி, செவ்வாய், பெல்ட்டுனு மூணு பிளேன்டீ கப்ப மேசையில வச்சு யாருக்கு யாரு கடன்னு ரெண்டு நிமிஷம் சொல்லிர்றேன், பெறகு எதுவும் சொல்ல மாட்டேன், அதாவது மச்சானுக்கு. இங்கிலீஷ் சப்டைட்டில் கட்டாயம், பெல்ட்டர் பேச்சு எனக்கே பாதி பிடிபடாது. நாலாவது எபிசோட்டுக்குள்ள அம்மாயி எந்திரிச்சுப் போனா கலாக்டிகா குறுந்தொடர், அதுக்கும் பென்டிரைவ் தயாரா இருக்கு.

நேத்து ராத்திரி தங்கச்சி மொத எபிசோட் கள்ளத்தனமா தனியாப் பாத்துட்டு வந்து எங்கிட்ட கை சாடையில ஏதோ காட்டுறா. என்னன்னு கேட்டா, "தண்ணி தீந்துருச்சாம், போய் பீலியில புடிச்சுட்டு வரட்டாம்" ங்கிறா.